தஞ்சோங் மாலிமிலிருந்து நான்கு பகற்பயணங்கள்

நம் தமிழ்ப்பள்ளிகளின் பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய காலம் ஒன்று உண்டு. அந்நூல்களில் ‘கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?’ என்றொரு கட்டுரைத் தலைப்பு இருந்ததென்றும், தோட்டப் பிள்ளைகள் அதனைக் கண்டு விழிப்பர் என்றும் எம் ஆசிரியர் ஒருவர் நகைத்தபடி கூறுவார். பேராக்கில் கோடை ஏது? மழை உண்டு; மழை சற்றே ஓய்ந்த நாளும் உண்டு. தோட்டத்தில் விடுமுறை என்பதோ, பால் வெட்டும் தாய்க்குப் பிள்ளைகள் வாளி தூக்கித் துணைபோகும் நாள்களையே குறித்தது.

இவ்விடுமுறைக்கு எங்கே செல்வது என்னும் பேச்சு எம் வீட்டில் எழுந்தபோது, மகள் கேமரன் மலை என்றாள். மனைவியார் பினாங்கு என்றார். புதிதாக வாங்கிய படக்கருவியைக் கையில் வைத்திருந்த மகனுக்கு எவ்விடமாயினும் சரியே. எண்பதைக் கடந்த என் அன்னையார் மட்டும், “எங்கெங்கேயோ போவானேன், ஐயா? நான் பொறந்த தோட்டத்த ஒரு தடவ காட்டு, அது போதும்” என்றார். அன்னையாருக்கு வேற்றிடத்தில் உறக்கம் கொள்ளாது. ஆகவே வீட்டிலிருந்தபடியே காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பும் நான்கு பயணங்களை வகுத்துக்கொண்டோம். வகுக்கும்போது ஓர் உண்மை புலப்பட்டது. நாம் வாழும் வட்டாரத்தில் காணத்தக்கவை எனப் பிறர் பட்டியலிட்ட இடங்கள் பலவற்றை அமைத்த கைகள் நம்மவர் கைகள். அவ்விடங்களின் பழைய படங்களிலோ அவர்கள் பெயரின்றி நிற்கின்றனர், அல்லது நிற்கவே இல்லை. அதனையே ஈண்டுச் சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

பெயரும் ஊரும்

முதலில் நம் ஊர்ப்பெயர். தஞ்சோங் என்பது மலாயில் முனை. மாலிம் என்பது கப்பலுக்கு வழிகாட்டுவோனையும் சமயக் கல்வி கற்றோனையும் குறிக்கும். அரபு மொழியில் ஆசிரியனைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்னும் சொல்லே இதன் மூலம். தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று மகிழலாம். நாம் நாளும் வழங்கும் ‘மாலுமி’ என்னும் சொல்லும் அதே மூலத்தினின்று வந்ததே. கடலோடிகளின் வாய்வழியாக ஒரே சொல் மலாயில் மாலிம் ஆயிற்று. தமிழில் மாலுமி ஆயிற்று. 2016ஆம் ஆண்டில் பேராக்கின் பதினோராவது மாவட்டமாக இப்பகுதி அமைக்கப்பட்டபோது அதற்கு முவாலிம் என்றே பெயரிட்டனர். ஆசிரியரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் ஆசிரியனாக இருப்பது எனக்கு ஒரு சிறு பெருமிதம்.

ஊரின் தென்கரையில் ஓடுவது பெர்ணம் ஆறு. 1825ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாகக் குறிக்கப்பட்ட ஆறு இது. பாலத்தின் மேல் நின்று படம் எடுப்பவன் ஒரு காலைப் பேராக்கிலும் மறுகாலைச் சிலாங்கூரிலும் ஊன்றலாம். பிள்ளைகளுக்கு இதனைவிட எளிய புவியியற் பாடம் இல்லை.

முதல் நாளை ஊருக்கே ஒதுக்கினோம். உள்ளூரை விட்டுவிட்டு வெளியூருக்கு ஓடுவது நம் வழக்கம், அது பிழை. இங்குள்ள பெருங்கட்டடம் சூலோ புடிமான். 1922ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியின் மூலக்கட்டடம் அது. மலாய்த் தாய்மொழிப் பள்ளிகட்கு ஆசிரியரை ஆக்க வேண்டுமென்று கல்வித்துறையில் இருந்த வின்ஸ்டெட் முயன்றதன் பயன் அக்கல்லூரி. முதல் தலைவர் டுசெக் என்னும் ஆங்கிலேயர். ஸஅபா எனப் போற்றப்படும் மலாய் அறிஞர் சைனல் அபிடின் அங்கிருந்துதான் மொழிபெயர்ப்புப் பணி புரிந்தார். மலாய் நாட்டுணர்வு வளர்ந்த நாற்றங்காலும் அதுவே. கல்லூரியாக இருந்தது 1987இல் கழகமாகி, 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடத்தின் பெயரையும் நோக்குக: சூலோ என்பது சுடர், புடிமான் என்பது நம் காதுக்கு அயலானதன்று, வடமொழிப் ‘புத்திமான்’ தான்.

அக்கட்டடத்தின்முன் என் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு எழும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு அகவைக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென்று விதித்தது. பள்ளி வந்தது; ஆசிரியர் யார்? பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியும் மருந்துக்கொட்டகை உதவியாளருமே பலகையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியராயினர். மலாய் ஆசிரியர்க்கு இத்தகைய மாளிகை எழுந்த அதே ஆண்டுகளில் தமிழாசிரியர்க்கு இந்நாட்டில் ஒரு கல்லூரி இல்லை. இதனைப் பொறாமையாற் கூறவில்லை. இன்று அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வி பயின்ற இளைஞர்கள் நம் பள்ளிகட்கு வருகின்றனர். என் பள்ளியிலும் உள்ளனர். முந்தைய நிலையை அறிந்தால்தான் இந்நிலையின் அருமை விளங்கும்.

ஊர்க்கடைத்தெருவில் பாவ் வாங்கித் தின்றுவிட்டுப் புகைவண்டி நிலையத்தைப் பார்த்து வீடு திரும்பலாம். முதல் நாளுக்கு அது போதும்.

யார் பயணம் செய்தனர்?

நிலையம் என்றதும் இருப்புப் பாதையைப் பற்றிக் கூறியாக வேண்டும். இந்நாட்டின் முதற்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல எழுந்த பாதை அது. மக்கள் ஏறியது பின்னர். அதனை இடுவதற்கு இலங்கையிலிருந்து முன்னோடிப் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். பேராக் பாதையும் சிலாங்கூர்ப் பாதையும் வெவ்வேறாக வளர்ந்து, 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே பாதையாயின. பாதையைச் சமன்செய்து, கல் கொட்டி, கட்டை அடுக்கிய தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். இன்று கிள்ளான் துறைமுகப் பக்கமிருந்து வரும் கம்யூட்டர் வண்டிக்குத் தஞ்சோங் மாலிமே வடகோடி. ஈப்போவுக்கு மின்தொடர்வண்டி ஓடுகின்றது. எம் திட்டத்தின் இரு பயணங்கள் இப்பாதையை நம்பியே அமைந்தன.

ஆனால் பாதை இட்டவன் அதிற் பயணம் செய்தானா? பொழுதுபோக்குக்காகப் பயணம் என்பது அக்காலத்தில் துரைமாரின் உடைமை. வெப்பம் தாளாத அவர்கட்காக மலைநகர்கள் எழுந்தன. தொழிலாளியின் பெரும்பயணம் ஒன்றே: ஆவடி அல்லது நாகப்பட்டினத்து முகாமிலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது. மறுபயணம் கிடைத்தவர் ‘ஊருக்குப் போனார்’. ஊர் என்றால் அக்காலத்தில் கடலுக்கு அப்பால்தான். ரஜுலா என்னும் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் முதியோர் முகம் மாறும். 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. உள்நாட்டிற் பயணம் என்றால் திருவிழாவே. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ ஈப்போக் கல்லுமலைக்கோ சென்றுவருவதே தோட்டத்துக் குடும்பத்தின் சுற்றுலா. இறைவனைக் காணப் போகிறோம் என்று சொல்லி உலகையும் கண்டுவந்தனர், அதில் தவறென்ன?

படத்தில் நின்றவர்கள்

படக்கருவியின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்தார் தீபகற்பம் முழுதும் திரிந்து படம் எடுத்தனர். மேடானில் தொழில் நடத்திய கிளைன்குரோத்தே என்னும் செருமானியர் 1907ஆம் ஆண்டளவில் மலாய்த் தீபகற்பம் பற்றிய படத்தொகுப்பொன்றை வெளியிட்டார். ஈயச்சுரங்கம், இரப்பர்த் தோட்டம், இருப்புப் பாதை யாவும் இவர்களாற் பதிவாயின. அழகிய படங்கள், அவற்றின் தொழில்நுட்பத்தை நான் குறைகூறேன். கண்ணாடித் தட்டையும் முக்காலியையும் சுமந்து காட்டில் நடந்தோர் உழைப்பு சிறிதன்று. எனினும் அக்காலப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் நோக்குக: மரத்தின் பருமனைக் காட்ட அருகே ஒரு மனிதன், பாலத்தின் நீளத்தைக் காட்ட வரிசையாகச் சிலர். கீழே எழுதப்பட்டிருப்பது ‘தமிழ்க் கூலிகள்’ என்றோ ‘கிளிங்குகள்’ என்றோ ஒரு சொல். துரை நின்றால் பெயர் உண்டு. மாளிகைக்கும் பெயர் உண்டு. துரையின் நாய்க்குக்கூடச் சில படங்களிற் பெயர் உண்டு.

தொழிலாளியின் முகத்தைப் பெயரோடு சேர்த்துப் படம்பிடித்தது எது? அவசரகாலச் சட்டம். 1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி நாடெங்கும் மக்கள் பதிவு நடந்தது. பன்னிரண்டு அகவை கடந்தோர் அனைவர்க்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, வாழ்விலேயே முதன்முறையாகப் படக்கருவியை எதிர்கொண்டோர் பலர். என் பாட்டியாரும் அவருள் ஒருவர். எம் வீட்டுச் சுவரில் மாலையிட்டு மாட்டப்பட்டிருக்கும் அவர் படம் அவ்வட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்டதே. காவலரைக் கண்டு அஞ்சிய கண்களோடுதான் அவர் எங்களை இன்றும் நோக்குகின்றார். பாட்டனாருக்கு அதுவும் இல்லை. சப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர், மீளவில்லை. அன்னையார் அப்போது கைக்குழந்தை. தந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், தம் அண்ணன் முகத்தைச் சொல்வார்.

இரண்டாம் நாள்: உடைந்த அணை

இரண்டாம் பயணம் தெற்கே, கோல குபு பாருவுக்கு. கம்யூட்டரில் அடுத்த நிலையம் அதுவே. நிலையம் நகரினின்று சற்று விலகியிருப்பதால் அங்கிருந்து வாடகை வண்டி வேண்டும். முதியோர் உடன் வரின் வீட்டிலிருந்தே காரில் செல்வது நலம்.

பாரு என்றால் புதியது. பழைய ஊர் என்னவாயிற்று? 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மழைக்குப் பின், ஊருக்கு மேலிருந்த பழைய அணை உடைந்து வெள்ளம் ஊரை வாரிச் சென்றது. மாவட்ட நீதிபதியாக இருந்த சர் செசில் ரேங்கிங் அதில் மாண்டார். அணையில் வாழ்ந்த வெள்ளை முதலையைச் சுட்டதால் வந்த கேடு என்று ஒரு கதை வழங்குகின்றது. பிள்ளைகள் இக்கதையைத்தான் நினைவில் வைப்பர், பாதகமில்லை. உண்மைக் காரணத்தையும் உடன் சொல்லிவிடுக. ஈயச் சுரங்கங்களினின்று கழிந்த மணல் ஆற்றில் படிந்து படிந்து ஆற்றுப்படுகையே உயர்ந்தது. அணை போன பின்னரும் வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. 1926ஆம் ஆண்டு வெள்ளத்தின்பின் அரசு ஊரையே மேட்டு நிலத்துக்குப் பெயர்த்தது. புதிய ஊரைத் தோட்ட நகர் முறையில் வரைந்தவர் அக்கால அரசு நகரமைப்பாளர் சார்ல்ஸ் ரீட். 1930களின் தொடக்கத்தில் ஊர் புதிய இடத்திற்கு வந்துவிட்டது. பழைய இடத்திற்கு இன்றைய பெயர் அம்பாங் பெச்சா. பொருள், உடைந்த அணை. ஓர் ஊரின் வரலாறு முழுதும் இரண்டு சொல்லில் அடங்கிற்று.

அவ்வூரினின்று பிரேசர் மலைக்கு ஏறும் பாதை பிரிகின்றது. ஈயம் தேடி அங்குச் சென்ற லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்பவர் எங்கோ மறைந்துபோனார். 1917இல் அவரைத் தேடிச் சென்ற சிங்கப்பூர்ப் பேராயர், ஆளைக் காணாவிட்டாலும் குளிர்ந்த இடத்தைக் கண்டார். 1922இல் அது மலைநகரமாயிற்று. அதே பாதையில், 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கிளர்ச்சியாளராற் சுடப்பட்டு மாண்டார். வளைவுகள் மிகுதி, வாந்தி எடுக்கும் பிள்ளைகட்கு எலுமிச்சம்பழம் கொண்டுசெல்க. பறவைப் படம் எடுப்போர் விடியுமுன் மலையேறுவர். எம் மகன் அதற்கே துடிக்கின்றான். அவனுக்கு அன்றைய பகல் முழுதும் விடப்பட்டுள்ளது. நண்பகலுக்குப்பின் இம்மலைத்தொடரில் மழை இறங்குவது வழக்கமாதலால், எடுக்க வேண்டியதை முற்பகலில் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: மாளிகையும் கோயிலும்

வடக்கே செல்லும் பயணமே எனக்கு மிக முதன்மையானது. பழைய பெருஞ்சாலை வழியே பேராங், சிலிம் ரிவர், துரோலாக், சுங்கை, பீடோர், தாப்பா, கம்பார் எனப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். விரைவுச்சாலையில் போனால் இப்பெயர்கள் பலகையில் பறந்துவிடும். வரலாறு வேண்டுவோர் பழைய சாலையையே கொள்க.

சிலிம் ரிவரில் ஓரிடத்தில் இறங்கி நிற்பது கடன். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், இருளைப் பயன்படுத்திச் சப்பானியக் கவச வண்டிகள் துரோலாக்கிலிருந்து இச்சாலைவழியே பாய்ந்தன. எதிரே நின்றது பதினொன்றாம் இந்தியப் படைப்பிரிவு: ஐதராபாத், பஞ்சாப் படையினரும் கூர்க்கரும் ஸ்காட்லாந்தினரும். களைத்துச் சோர்ந்திருந்த அப்படை சில மணி நேரத்தில் சிதறியது. பாலம் எதிரி கைக்குப் போயிற்று. நான்கே நாளில், ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூரும் வீழ்ந்தது. இங்கே படமெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு சாலை, ஒரு பாலம், செம்பனை. ஆயினும் அன்னையாரின் தந்தை சயாமுக்குப் போனதற்குரிய வழி இந்தச் சாலையில்தான் திறந்தது. படம் எடுக்காமல் சற்றுநேரம் நின்றுவிட்டுப் போவோம் என்று மகனிடம் சொல்லியிருக்கின்றேன்.

அடுத்தது பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகை. சுற்றுலாவினர் அனைவரும் அறிந்த இடம் அது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இளமையிலேயே மலாயா வந்து, சாலைக் குத்தகையிற் பொருளீட்டி, கிந்தாவில் இரப்பர்த் தோட்டம் கண்டார். 1915ஆம் ஆண்டில் பெருமாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். கொத்தர்களும் கைவினைஞரும் சென்னையிலிருந்து வந்தனர். வளைவுகளும் சுவர்ப்பூச்சும் நம் நாட்டுச் சாயல் காட்டுவது அதனால்தான். 1926இல் அவர் தாயகப் பயணத்தில் லிஸ்பனில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது. மனைவியார் சொத்தை விற்றுவிட்டு நாடு திரும்பினார். பேய்க்கதை, சுரங்கவழிக் கதை ஆகியவற்றைக் கேட்டுச் சிறுவர் அங்கு ஓடுவர். நான் அவர்களைத் தடுப்பதில்லை.

ஆனால் மாளிகையின் கதையை முடித்துவிட்டு வண்டியேறிவிடுவோர், சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலைக் காண்பதில்லை. மாளிகை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இன்புளூயன்சாக் கொள்ளைநோய் அங்குள்ள தொழிலாளரையும் தாக்கிற்று, பலர் மடிந்தனர். அம்மனுக்குக் கோயில் எடுத்தால் நோய் தணியும் என்று தொழிலாளர் வேண்ட, ஸ்மித் இசைந்து உதவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நன்றி மறவாத தொழிலாளர் அவரையே கோயிலில் உருவமாக்கிவிட்டனர். தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளையுடை தரித்த ஒரு வெள்ளைக்காரர் நிற்பதை இன்றும் காணலாம்.

இதனை முதன்முறை கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை மாணவரோடு சென்றபோது ஒரு சிறுமி கேட்டாள்: “சார், துரைக்குச் சிலை இருக்கு, கட்டுனவங்களுக்கு எங்கே?” என்னிடம் விடையில்லை. கொள்ளைநோயில் இறந்தவர் பெயர்ப்பலகை எதையும் நான் அங்குக் கண்டதில்லை. நன்றியுணர்வு நம்மவர் பண்பு. அதனைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஒருவேளை பெயர் எழுதும் வழக்கம் அவர்கட்குத் துரையைப் பற்றித்தான் கற்பிக்கப்பட்டதோ என்னவோ. இம்முறை மகனிடம் கூறியிருப்பது இது: மாளிகையை வேண்டுமளவு எடு, கோயிலையும் எடு, அவ்வுருவத்தை எடுக்கும்போது அதனை மட்டும் வெட்டி எடுக்காதே, சுற்றியுள்ள தெய்வங்களோடு சேர்த்து எடு. தனியே எடுத்தால் அது வேடிக்கைப்படம். சேர்த்து எடுத்தால்தான் தொழிலாளர் துரையை எங்கே நிறுத்தினர் என்பது விளங்கும்.

நேரமிருப்பின் ஈப்போவரை செல்லலாம். 1917இல் முடிந்த ஈப்போ நிலையம் ஹபக் என்னும் கட்டடக்கலைஞரின் வரைவு. வெண்மாடமும் முன்றில் மரமும் மாலை வெயிலில் அழகாய் இருக்கும். கல்லுமலைக் கோயிலின் குகைமுகமும் காணத்தக்கது. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தையும் மகள் சேர்க்கச் சொன்னாள். 1885இல் எழுந்த அக்கோபுரத்துக்கு இன்னொரு நாள் வேண்டும். சுற்றுலாத் திட்டத்திற் பாதி, எவற்றை விடுவது என்பதே.

நான்காம் நாள்

அன்னையார் பிறந்த தோட்டம் பேராங் பக்கத்தில் உள்ளது. எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் அதன் பெயர் இராது. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டை ஒட்டி வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும், வாங்கியவர் அவற்றைத் துண்டாடியதும், துண்டாடப்பட்ட இடத்துத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றதும் வாசகர் அறிந்தவையே. அதற்கு மாற்றாகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அன்னையாரின் தோட்டம் அவ்வாறு காக்கப்பட்டவற்றுள் ஒன்றன்று. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. இப்போது எஞ்சியிருப்பவை ஒரு சிறு கோயிலும் அதன்பின் ஓர் அரசமரமும் பழைய கிணற்றின் கல்வட்டமும். இடுகாட்டின்மேல் செம்பனை வரிசை ஓடுகின்றது.

இங்கே எடுக்க வேண்டிய படமே எம் நான்கு பயணங்களின் கருத்து. என் தந்தையார் பெட்டியில் ஒரு பழைய குழுப்படம் இருந்தது: 1952ஆம் ஆண்டு, அத்தோட்டப் பள்ளி. நாற்காலியில் துரையும் கிராணியும் ஆசிரியரும். பின்னும் முன்னுமாக முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கீழே அச்சிட்ட பெயர்கள் மூன்று. நாற்காலியில் இருப்போர் பெயர்கள் மட்டும். தந்தையாரும் அதே பள்ளியில் பயின்றவர், படத்தில் உள்ளவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதனை எடுத்து, இவன் இன்னான், இவள் இன்னாள், இவன் சிங்கப்பூருக்குப் போனான் என்று விரல்வைத்துச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாணவர்க்கு நாடோறும் ‘குறிப்பெடு, குறிப்பெடு’ என்று சொல்பவன், ஒரு நாளும் எழுதுகோலை எடுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் மறைந்து ஒன்பது ஆண்டாயிற்று.

இப்போது அதனை அடையாளம் காட்ட எஞ்சியிருப்பவர் அன்னையார் ஒருவரே. படத்தில் முன்வரிசையில் தரையில் அமர்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பவரும் அவரே. வீட்டில் அமர்ந்து கேட்டால் நினைவு வரவில்லை. கோயில்முன் நின்றால், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்று வரிசையாக வரும் என்கின்றார். அது மெய்யே; நினைவு பல வேளைகளில் இடத்தைப் பற்றிக்கொண்டுதான் எழுகின்றது. ஆகவே அரசமரத்தடியில் நாற்காலி இட்டு, படத்தின் பெரிதாக்கிய படியை மடியில் வைத்து, அவர் கூறக்கூற மகள் எழுதுவாள். மகன் பேச்சையும் பதிவுசெய்வான்.

பழைய படங்களைக் கையாளும் அன்பர்கட்கு ஒரு சொல். மூலப்படத்தின் பின்புறம் மையால் எழுதாதீர். மை ஊறி முகத்தைக் கெடுக்கும். பழைய தாளாயின் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். இக்கால வழவழப்புத் தாளில் பென்சில் பற்றாது, தனித்தாளில் எழுதி உறையில் இடுக. கைப்பேசியில் எடுத்த படங்களோ இன்னும் இரங்கத்தக்கவை: ஆயிரம் படம், ஒன்றுக்கும் பெயரில்லை. வீடு திரும்பிய அன்றிரவே பத்துப் படத்தைத் தேர்ந்து யார், எங்கே, எந்நாள் என்று எழுதிவிட வேண்டும். மறுநாள் என்பது எனக்கு என்ன செய்தது என்று மேலே கூறினேன்.

நேற்றிரவு பயணத்துக்கு மூட்டை கட்டும்போது, அன்னையார் தாமாகவே படத்தைக் கேட்டு வாங்கி விளக்கருகே வைத்துப் பார்த்தார். இரண்டாம் வரிசை இடப்புறம் காதில் கடுக்கனோடு நிற்கும் சிறுவன், மருந்துக்கொட்டகையில் வேலை பார்த்தவர் மகன் என்றார். பெயர் நாவின் நுனியில் இருக்கிறதாம். இதுவரை பதினொரு பெயர்கள் எழுதியாயிற்று. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்படுகின்றோம். பென்சில் அன்னையாரின் சுருக்குப்பையில் இருக்கின்றது.